வாக்குக் கேட்காமல் அமைச்சரானவர்: ஆறாம் கேரிங்டன் பிரபுவின் நாடாளுமன்ற வாழ்க்கை

பிரிட்டனில் பரம்பரைப் பிரபுவாகப் பிறந்த ஒருவர் மக்களிடம் ஒருமுறையேனும் வாக்குக் கேட்காமல் பெரிய அமைச்சராக உயர முடிந்தது எப்படி, அந்தப் பிறப்புரிமை அவருக்கு உதவியதா, இடைஞ்சலாக இருந்ததா என்பது கேள்வி. இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைக் காட்டிலும் ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு சொல்வது தெளிவாக இருக்கும் என்று நினைக்கிறேன். 1919 ஜூன் 6-ஆம் நாள் பிறந்து 2018 ஜூலை 9-ஆம் நாள் தம் 99-ஆம் வயதில் மறைந்த பீட்டர் கேரிங்டன், அதாவது ஆறாம் கேரிங்டன் பிரபு, அதற்கு மிகவும் பொருத்தமானவர். சர்ச்சில் முதல் தாட்சர் வரை, இடையில் வந்த ஈடன், மக்மில்லன், ஹியூம், ஹீத் உட்பட ஆறு கன்சர்வேட்டிவ் பிரதமர்களின் கீழும் பதவி வகித்தவர் அவர். நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையின் இருக்கைதான் அவரை அரசியல்வாதியாக வளர்த்தது. 1982 ஏப்ரலில் அவருக்கு மிக இக்கட்டான நேரம் வந்தபோது அவர் கையைக் கட்டிப்போட்டதும் அதே இருக்கைதான் என்பது என் முடிவு.

முதலில் அந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம். கேரிங்டன் குடும்பம் வாளேந்தி நிலம் பெற்ற பழைய பிரபு வம்சம் அன்று. நாட்டிங்ஹாமில் வங்கித் தொழில் நடத்திய ஸ்மித் குடும்பம் அது. அந்தக் குடும்பத்து ராபர்ட் ஸ்மித், இளைய பிட் பிரதமராக இருந்த காலத்தில் அவருக்கு நெருங்கிய நண்பராகவும் நாட்டிங்ஹாம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1796-இல் அயர்லாந்துப் பட்டமாகவும், மறு ஆண்டு பிரபுக்கள் அவையில் அமரும் தகுதியைத் தந்த பிரிட்டன் பட்டமாகவும் அவருக்குக் ‘கேரிங்டன் பிரபு’ என்னும் பெயர் கிடைத்தது. பின்னாளில் குடும்பத்தினர் ஸ்மித் என்ற பெயரையே விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் பட்டப்பெயரை இரண்டு ‘ஆர்’ போட்டும் குடும்பப் பெயரை ஒரே ‘ஆர்’ போட்டும் எழுதுவது அவர்கள் வழக்கம். தமிழில் எழுதும்போது இந்த நுணுக்கம் காணாமல் போய்விடுகிறது. ஆனால் கடைசியில் இது ஒரு வேடிக்கையான இடத்தில் திரும்ப வரும் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

பீட்டர் ஈட்டன் பள்ளியிலும் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியிலும் படித்தார். 1938-இல் தந்தை இறந்தபோது அவருக்கு வயது 19. பட்டம் அன்றே அவருடையதாகிவிட்டது. ஆனால் 21 வயது நிறையாமல் பிரபுக்கள் அவையில் அமர முடியாது என்பதால் 1940-இல்தான் இருக்கையில் அமர்ந்தார். அப்போது போர் நடந்துகொண்டிருந்தது, அவரும் கிரெனடியர் கார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தார். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் நைமேகன் பாலத்தைக் கடந்த முதல் சில டாங்கிகளில் ஒன்று அவருடையது. பாலத்தைக் கடந்த பிறகு டாங்கிகள் ஏன் உடனே, பிரிட்டிஷ் பாராசூட் படை சிக்கியிருந்த ஆர்ன்ஹெம் நோக்கிப் போகாமல் நின்றன என்று அங்கிருந்த அமெரிக்கப் பாராசூட் படையினர் சிலர் ஆயுள் முழுவதும் குறைகூறி வந்தார்கள். காலாட்படைத் துணையின்றி இருட்டில் ஒற்றைச் சாலையில் டாங்கிகளை மட்டும் அனுப்புவது தற்கொலைக்குச் சமம் என்பது எதிர்த்தரப்பு வாதம். 1945-இல் அவருக்கு மிலிட்டரி கிராஸ் விருது வழங்கப்பட்டது.

போர் முடிந்து பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள பிளெட்லோ கிராமத்தில் வீட்டைச் சீரமைத்து, வேளாண்மையைப் பார்த்துக்கொண்டு, ரயிலேறி வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போய்வரத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. அன்றைய பிரபுக்கள் அவையை இன்றைய அவையை வைத்து எடைபோடக் கூடாது. ஆயுட்காலப் பிரபுக்களை நியமிக்கும் சட்டம் 1958-இல்தான் வந்தது. பெண்கள் உள்ளே நுழைந்ததும் அதன் பிறகே. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1957-இல்தான் வருகைநாள் ஒன்றுக்கு மூன்று கினி (மூன்று பவுண்டுக்குச் சற்று மேல்) வரை செலவுப்படி தருவதென்று முடிவாயிற்று. நூற்றுக்கணக்கான பரம்பரைப் பிரபுக்கள் பட்டியலில் இருந்தாலும் நாள்தோறும் வந்து உட்கார்ந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே இளமையும் உழைப்பும் உள்ள ஒருவர் ஒழுங்காக வந்தாலே தலைவர்களின் கண்ணில் பட்டுவிடுவார். மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான பொதுமக்கள் அவையில் பின்வரிசையில் பத்தாண்டு காத்திருக்க வேண்டிய வாய்ப்பு இங்கே மிக விரைவில் கிடைத்தது. பிறப்பு தந்த முதல் சலுகை இருக்கை என்றால், இரண்டாவது சலுகை இந்தப் போட்டியின்மை. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1951-இல் சர்ச்சில் மீண்டும் பிரதமரானபோது, வயலில் கவுதாரி வேட்டையில் இருந்த கேரிங்டனுக்குத் தொலைபேசியில் பேசும்படி ஆள் வந்ததாகவும், தம்முடைய வேட்டைக்கும் வருகிறாயா என்று சர்ச்சில் கேட்டதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிடைத்தது வேளாண் துறையின் துணைநிலை அமைச்சர் பதவி. அங்கேயே முதல் சோதனையும் வந்தது. டார்செட் மாவட்டத்தில் கிரிச்செல் டவுன் என்னும் இடத்தில் 725 ஏக்கர் நிலத்தை விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக 1938-இல் அரசு எடுத்துக்கொண்டது. தேவை முடிந்த பின் பழைய உடைமையாளர்கள் அதைத் திரும்ப வாங்க முயன்றபோது வேளாண் துறை அதிகாரிகள் இடம்கொடுக்கவில்லை. விசாரணையில் துறையின் நடத்தை கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. 1954 ஜூலையில் அமைச்சர் தாமஸ் டக்டேல் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். கேரிங்டனும் விலகுவதாகச் சொன்னார், ஆனால் ஏற்கப்படவில்லை. தன் கையால் செய்யாத தவறுக்கும் அமைச்சரே தலைகொடுக்க வேண்டும் என்ற மரபை 35 வயதில் அருகிலிருந்து பார்த்தவர் அவர். 28 ஆண்டுகளுக்குப் பின் அவர் செய்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாதுகாப்புத் துறையில் சிறிது காலம், 1956 முதல் 1959 வரை ஆஸ்திரேலியாவில் தூதராக மூன்று ஆண்டுகள், பிறகு 1963 வரை கடற்படையின் ‘முதல் பிரபு’ என்னும் பழைய பெயர்கொண்ட அமைச்சர் பதவி. இந்தக் கடற்படைக் காலத்தில்தான் அத்துறையின் எழுத்தர் ஜான் வாஸல் சோவியத் உளவாளி என்று 1962-இல் பிடிபட்டார். இன்னோர் உளவாளி இருப்பது தெரிந்தும் கேரிங்டன் மறைத்தார் என்று பத்திரிகைகளில் குற்றச்சாட்டு எழுந்தது. நீதிபதி ராட்கிளிஃப் தலைமையிலான விசாரணை அது அடிப்படையற்றது என்று கண்டது. அந்த விசாரணையில் செய்தி தந்தவர் யாரென்று சொல்ல மறுத்த இரண்டு நிருபர்கள் சிறைக்குச் சென்றார்கள்.

1963 ஜூலை 31-ஆம் நாள் ஒரு முக்கியமான சட்டம் நிறைவேறியது. ஆண்டனி வெட்ஜ்வுட் பென் என்ற தொழிற்கட்சி உறுப்பினர், தந்தை இறந்ததும் தாம் விரும்பாமலே ஸ்டான்ஸ்கேட் பிரபுவாகி, பொதுமக்கள் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிரிஸ்டலில் நடந்த இடைத்தேர்தலில் மறுபடி வென்றும் அவரை உள்ளே விடவில்லை. தோற்றவருக்கே இருக்கை கிடைத்தது. அவர் நடத்திய போராட்டத்தின் விளைவாகப் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. அப்போதே அவையில் இருந்த பரம்பரைப் பிரபுக்களுக்கு அது பன்னிரண்டு மாத அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தித்தான் ஹியூம் பிரபு அவ்வாண்டு அக்டோபரில் பிரதமரானதும் பட்டத்தைத் துறந்தார். கேரிங்டன் துறக்கவில்லை. 44 வயதில் அவர் பிரபுக்கள் அவைத் தலைவராக உயர்ந்திருந்தார்; வேலை பிடித்திருந்தது. ஆனால் அந்த வாசல் அதோடு அடைபட்டது. அதன் பிறகு அவர் எவ்வளவு உயர்ந்தாலும் பிரதமர் பதவி நடைமுறையில் எட்டாக் கனிதான்.

1964 முதல் 1970 வரை அவர் பிரபுக்கள் அவையில் எதிர்க்கட்சித் தலைவர். என்னைக் கேட்டால் அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கையில் மிகச் சுவையான பகுதி இதுதான். பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோர் கன்சர்வேட்டிவ் சார்பினர் என்பதால், மக்கள் தேர்ந்தெடுத்த தொழிற்கட்சி அரசை எந்த நாளும் அந்த அவையில் தோற்கடிக்கும் எண்ணிக்கை அவரிடம் இருந்தது. சட்டப்படி 1949-க்குப் பின் அந்த அவை ஒரு மசோதாவைச் சுமார் ஓராண்டு தாமதப்படுத்த மட்டுமே முடியும். அதோடு, தேர்தல் அறிக்கையில் சொன்னதை நிறைவேற்றும் மசோதாவை இரண்டாம் வாசிப்பில், அதாவது அதன் அடிப்படைக் கொள்கையை விவாதிக்கும் கட்டத்தில், தோற்கடிப்பதில்லை என்று 1945-க்குப் பின் சாலிஸ்பரி பிரபு வகுத்த மரபும் இருந்தது. ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமல் இருப்பதே அங்கே தலைவரின் வேலை. எறிந்தால் அவையே போய்விடும் என்பது கேரிங்டனுக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பலருக்குத் தெரியாது.

அந்தக் கட்டுப்பாடு ஒருமுறை உடைந்தது. ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியாக இருந்த ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) இயன் ஸ்மித் தலைமையிலான வெள்ளையர் அரசு 1965-இல் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. ஐக்கிய நாடுகள் சபையின் முடிவுப்படி அதன் மீது தடைகளை விதிக்கும் ஆணையை, 1968 ஜூன் 18-ஆம் நாள் பிரபுக்கள் அவை 193-க்கு 184 என்ற கணக்கில் நிராகரித்தது. கேரிங்டன் கட்சியின் முடிவோடு நின்றார். அது ஓர் எதிர்ப்புக் குறிப்பு மட்டுமே. அடுத்த மாதம் ஆணை மறுபடி வந்தபோது நிறைவேற விடப்பட்டது. ஆனால் அதற்குள் பிரதமர் வில்சன் கோபத்தில் அவைச் சீர்திருத்தம் பற்றிய பல கட்சிப் பேச்சை முறித்துவிட்டார். அந்தப் பேச்சில் கேரிங்டனும் பங்கெடுத்து, ஏறக்குறைய உடன்பாட்டை எட்டியிருந்தார் என்பதுதான் இதில் வருத்தமான செய்தி. அரசு தனியாகக் கொண்டுவந்த மசோதாவை, இடதுசாரி மைக்கேல் ஃபுட்டும் வலதுசாரி ஈனாக் பவலும் பொதுமக்கள் அவையில் கைகோத்து, பேசிப் பேசியே 1969-இல் சாகடித்தார்கள். பரம்பரை இருக்கைகள் இன்னும் முப்பது ஆண்டு தப்பிப் பிழைத்தன.

1970-இல் ஹீத் ஆட்சியில் பாதுகாப்பு அமைச்சரானார். இந்தக் காலம் அவர் வாழ்க்கை வரலாற்றில் பலர் வேகமாகத் தாண்டிப் போகும் இடம், தாண்டக் கூடாது. வட அயர்லாந்தில் 1971 ஆகஸ்டில் விசாரணையின்றி அடைத்து வைக்கும் முறை கொண்டுவரப்பட்டது. பிடிபட்டவர்களில் சிலரைத் தலையை மூடி, சுவரோரம் மணிக்கணக்கில் நிற்கவைத்து, இடைவிடாத இரைச்சலில் விட்டு, உறக்கமும் உணவும் மறுத்து விசாரித்தார்கள். இந்த ஐந்து முறைகளும் மனிதத்தன்மையற்றவை, இழிவுபடுத்துபவை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. சித்திரவதை என்ற சொல்லை மட்டும் தவிர்த்தது. 1972 ஜனவரி 30-ஆம் நாள் டெர்ரியில் இராணுவம் நிராயுதபாணிகளைச் சுட்டதும் அவர் அமைச்சராக இருந்தபோதுதான். தொகுதி மக்கள் முன் ஒரு நாளும் நிற்க வேண்டியிராத அமைச்சர் ஒருவர் இத்தகைய துறையை நடத்துவது சரியா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எளிதான பதில் இல்லை.

1979 மே மாதம் தாட்சர் அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். ஒரு சிக்கலை இங்கே விளக்க வேண்டும். இந்தியாவில் மாநிலங்களவை உறுப்பினரான அமைச்சர் மக்களவையிலும் எழுந்து பேசலாம். அரசமைப்பின் 88-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பிரிட்டனில் அப்படி இல்லை. பிரபுக்கள் அவையில் இருப்பவர் பொதுமக்கள் அவையில் ஒரு சொல்லும் பேச முடியாது. எனவே கேரிங்டனுக்காக அங்கே பதில் சொல்ல இன்னோர் அமைச்சர் வேண்டும்: முதலில் இயன் கில்மர், 1981 செப்டம்பருக்குப் பின் ஹம்ஃப்ரி அட்கின்ஸ்.

தொடக்கத்தில் இது வசதியாகவே இருந்தது. 1979 செப்டம்பர் 10 முதல் டிசம்பர் 21 வரை லண்டனில் லங்காஸ்டர் மாளிகையில் ரொடீசியா மாநாடு நடந்தது. கறுப்பின விடுதலைப் போராட்டத் தலைவர்கள் ராபர்ட் முகாபே, ஜோஷுவா என்கோமோ ஒருபுறம், அப்போது அங்கே பிரதமராக இருந்த பிஷப் முசோரேவாவும் இயன் ஸ்மித்தும் மறுபுறம். கேரிங்டன் வகுத்த முறை எளிமையானது: முதலில் அரசமைப்பு, அது முடிந்தால் இடைக்கால ஏற்பாடு, அதுவும் முடிந்தால் போர்நிறுத்தம், ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை. யாரேனும் எழுந்து போனால் மீதமிருப்பவர்களோடு மட்டும் உடன்பாடு செய்துகொள்வோம் என்ற மிரட்டலையும் பின்னணியில் நிறுத்தியிருந்தார். தொகுதியும் வாராந்தரச் சந்திப்பும் மறுதேர்தல் கவலையும் இல்லாத ஒருவரால்தான் பதினான்கு வாரம் ஒரே மேசையில் இப்படி உட்கார முடியும். சொந்தக் கட்சியின் வலதுசாரிகள் அவரைத் துரோகி என்றபோது அவர் அசையாமல் இருந்ததற்கும் அதே காரணம்தான்: அவர்களால் அவருடைய இருக்கையைப் பறிக்க முடியாது. 1980 பிப்ரவரித் தேர்தலில், கறுப்பின வாக்காளர்களுக்குரிய 80 இடங்களில் 57-ஐ முகாபே வென்றார். ஏப்ரல் 18-ஆம் நாள் ஜிம்பாப்வே பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் தடை ஆணையைத் தோற்கடித்த அணியின் தலைவரே இதை முடித்துவைத்தார்.

இனி ஃபாக்லாந்து, அதாவது தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆண்டுவந்த, அர்ஜென்டினா உரிமை கோரிய தீவுகள். அந்தத் தீவுகளின் இறையாண்மையை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்து, ஆட்சியை நீண்டகாலக் குத்தகையாகத் திரும்பப் பெறும் யோசனையை அவருடைய துணை அமைச்சர் நிக்கலஸ் ரிட்லி 1980 டிசம்பரில் பொதுமக்கள் அவையில் வைத்தபோது எல்லாப் பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. தென் அட்லாண்டிக்கில் இருந்த எண்டூரன்ஸ் கப்பலைத் திரும்பப் பெறும் முடிவைக் கேரிங்டன் எழுத்து மூலம் எதிர்த்தார். பாதுகாப்புத் துறை கேட்கவில்லை. 1982 மார்ச் மாத இறுதியில் படையெடுப்புச் செய்தி வந்தபோது அவர் இஸ்ரேல் பயணத்தில் இருந்தார். ஏப்ரல் 2 வெள்ளிக்கிழமை அர்ஜென்டினாப் படைகள் இறங்கின.

மறுநாள், சனிக்கிழமை, இரண்டு அவைகளும் கூடின. பொதுமக்கள் அவையில் ஆத்திரம் கொதித்தது. பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் கிழித்தெறியப்பட்டார். வெளியுறவுத் துறைதான் முதல் குற்றவாளி என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். குற்றம் சாட்டப்பட்டவரோ கூப்பிடு தூரத்தில், கட்டடத்தின் மறுமுனையில், பண்பான குரலில் விவாதிக்கும் இன்னோர் அவையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலை கன்சர்வேட்டிவ் பின்வரிசையினர் கூட்டத்துக்கு ஜான் நாட்டுடன் சென்றபோதுதான் அந்தக் கோபத்தை அவர் நேருக்கு நேர் சந்தித்தார். கோபமான அவையில் நின்று, அடியை வாங்கி, திருப்பிக் கொடுத்துக் கட்சியைத் தம் பக்கம் கொண்டுவரும் கலையை அவர் பழகியதே இல்லை. பழக அவருடைய இருக்கை வாய்ப்பும் தரவில்லை. தாட்சர் தடுத்தும் ஏப்ரல் 5-ஆம் நாள் பதவி விலகினார். அட்கின்ஸும் வெளியுறவுத் துணை அமைச்சர் ரிச்சர்ட் லூஸும் உடன் விலகினார்கள். ஜான் நாட்டும் விலகுவதாகச் சொன்னார். அவரைப் பிரதமர் விடவில்லை. 1983 ஜனவரியில் வெளிவந்த ஃபிராங்க்ஸ் அறிக்கை, படையெடுக்க அர்ஜென்டினா எடுத்த முடிவுக்கு அரசைப் பழிசொல்ல முடியாது என்றது. கௌரவமான பதவி விலகல் என்று இன்றும் உதாரணம் காட்டப்படுவது இதுதான். அந்தப் பாராட்டு நியாயமானதே. அதில் கிரிச்செல் டவுன் தந்த பாடத்துக்கும் பங்கு உண்டு, பேச இடமில்லாத அவைக்கும் பங்கு உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன் பின் 41 ஆண்டுகள் எந்தப் பிரதமரும் பிரபுக்கள் அவையிலிருந்து வெளியுறவு அமைச்சரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2023 நவம்பரில் டேவிட் கேமரன் அவ்வாறு வந்தபோது, அவரைப் பொதுமக்கள் அவை எப்படிக் கேள்வி கேட்பது என்ற அதே விவாதம் மறுபடி எழுந்தது. உறுப்பினர் அல்லாதவர் தாண்டக் கூடாத, அவையின் வாசற்கோட்டில் நின்று பதில் சொல்லட்டும் என்று அந்த அவையின் குழு பரிந்துரைத்தும் அது நடக்கவில்லை.

கேரிங்டன் 1984 முதல் 1988 வரை நேட்டோவின் பொதுச்செயலாளராக இருந்தார். 1991-இல் ஐரோப்பிய சமூகத்தின் சார்பில் யூகோஸ்லாவியா அமைதி மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, ஓராண்டில் பலனின்றி வெளியேறினார். மொத்தத் தீர்வுக்கு முன்னரே குரோவேசியாவைத் தனிநாடாக அங்கீகரிப்பது பேச்சுவார்த்தையைக் குலைத்துவிடும் என்று அவர் எச்சரித்தார். லங்காஸ்டரில் பலித்த படிப்படியான முறை அங்கே பலிக்கவில்லை.

1999-இல் பிளேர் அரசின் சட்டம் அறுநூறுக்கும் மேற்பட்ட பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றி 92 பேரை மட்டும் விட்டுவைத்தது. அவையின் முன்னாள் தலைவர் என்ற முறையில் கேரிங்டனுக்கு ஆயுட்காலப் பட்டம் ஒன்று கொடுத்து உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பழைய பட்டத்தோடு குழம்பாதிருக்க, ‘அப்டன் கேரிங்டன் பிரபு’ என்ற அந்தப் புதிய பெயரில் ஒரே ஒரு ‘ஆர்’. ஆக, 59 ஆண்டுகள் பிறப்புரிமையால் அமர்ந்தவர் கடைசிக் காலத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்தார்.

அவர் 2018 ஜூலையில் மறைந்தபோது மூத்த பட்டம் மகன் ரூபர்ட்டுக்குப் போனது, இருக்கை போகவில்லை. அதற்கு அந்த 92 இடங்களில் காலியான ஒன்றுக்கான இடைத்தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் நின்று வென்றார். தந்தை காணாத நாடாளுமன்றத் தேர்தலை மகன் கண்டார். ஆனால் அதில் வாக்காளர்களும் பரம்பரைப் பிரபுக்களே.